கடைசிச் சால்

காலையில் ஜீப் வந்த பாதையில் மதியம் ஒரு மாட்டுவண்டிகூடப் போக முடியாது போலிருந்தது. ஊர் அலுவலக ஜன்னலில் நின்ற சர்வேயர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பாதையின் இரண்டு ஓரமும் அப்போதுதான் உழுத ஈரமண். அதன் வாடை, பழைய காகிதங்களின் பூஞ்சை வாடையையும் மீறி அறைக்குள் வந்துகொண்டிருந்தது. எங்கோ கலப்பை மண்ணைக் கிழித்துச் சால் போடும் சத்தம். ஆனால் மாட்டையும் காணோம், டிராக்டரையும் காணோம்.

ஊர் தோன்றி நூற்றைம்பது வருடமாம். வரலாற்றுப் புத்தகம் போடுகிறார்கள். அதற்கு இன்றைய வரைபடம் வேண்டுமென்று வெளியூரிலிருந்து அவரை அழைத்திருந்தார்கள். பத்து மணிக்கு மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாக ஃபோன் வந்தது. தாயில்லாத பெண். ஆறு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொன்னவர், சங்கிலி பிடித்து அளக்காமல் பழைய வரைபடத்தையே பார்த்து வரைந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். முப்பது வருட சர்வீசில் ஒரே ஒரு தடவை. யாருக்கு என்ன குடி முழுகிவிடப்போகிறது?

இப்போதுதான் நிதானமாகப் பார்த்தார். மேஜையில் ஐந்து பழைய வரைபடங்கள், இருபத்தைந்து வருடத்துக்கு ஒன்றாக. ஒவ்வொன்றையும் வரைந்தது ஒரு வெளியூர் சர்வேயர். முதலாவதில் ஏழு வீடு, ஒரு கிணறு, வெளியே போக நாற்பதடிப் பாதை. அடுத்ததில் வாய்க்கால் வந்திருந்தது, பாதை முப்பதடி. பிறகு சந்தை, ஆலை, பள்ளிக்கூடம். ஊர் கொழுக்கக் கொழுக்கப் பாதை மெலிந்திருந்தது. ஐந்தாவதில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம், தலைமுடி போல ஒரு கோடு. காலை அவசரத்தில் அந்தக் கோட்டை அவர் வரையாமல் விட்டிருந்தார். அவர் வரைந்ததில் பாதையே இல்லை.

வாசலில் ஊர்த் தலைவர் நின்றார், முழங்கால்வரை சேறு, கையில் சர்வேயர் கையெழுத்துப் போட்ட புது வரைபடம். ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, வரைபடத்தைக் கொடுங்கள் என்று சர்வேயர் கேட்டார். தலைவர் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வருஷத்துக்கு ஒரு சால் பாதைக்குள்ள தள்ளி உழறது எங்க பழக்கம் சார். ஆனா கையெழுத்து இல்லாம கடைசிச் சாலைத் தொடமாட்டோம். அதுல நாங்க ரொம்ப நியாயம்."

"என் பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா. நான் போகணும்."

"முன்னாடி வந்தவங்களும் போகணும்னுதான் சார் சொன்னாங்க."

சொல்லிவிட்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். சர்வேயர் வாசலுக்கு ஓடினார்.

காலையில் ஏறி வந்த படிக்கட்டு இல்லை. வாசற்படிவரை உழவு. ஜீப்பின் கூரை மட்டும் மண்ணுக்கு மேலே. கலப்பைச் சத்தம் நின்றுவிட்டது.

உழவின் நடுவே, நேர்வரிசையில், ஐந்து பேர். இடுப்புவரை மண். கண் திறந்திருந்தது. காதோரம் பச்சை முளை விட்டிருந்தது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் சரியாகப் பத்தடி. தொழில் பழக்கத்தில் கண் தானாக அளந்தது. அடுத்த பத்தடி அவர் காலடியில் முடிந்தது. அங்கே குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள்.

சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. மகளாகத்தான் இருக்கும்.

ஐந்து தலைகளும் மெல்லத் திரும்பின.