இன்னொரு கோப்பை

"வாயத் தொறக்காத. நட."

அவ்வளவுதான் வரவேற்பு. ஷாமிளாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அவளுடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, தேயிலைக்கு நடுவே செங்குத்தாக ஏறிய குறுக்குப் பாதையில் அக்கா கலைச்செல்வி ஏறக்குறைய ஓடினாள். கொடகவெலயிலிருந்து ஏறிவந்த பஸ் இன்னும் வளைவைக்கூடத் தாண்டவில்லை. இறங்கும்போது கண்டக்டர், "நங்கி, இக்மனட்ட யன்ன, மீதும எனவா" என்று சிங்களத்தில் சொல்லியிருந்தான். சீக்கிரம் போ தங்கச்சி, பனி வருது. ஊருக்குப் புதிது என்று கேலி செய்கிறான் என நினைத்து ஷாமிளா சிரித்துவிட்டு இறங்கினாள். அப்போது பிற்பகல் வெயில் தோளில் இதமாகச் சுட்டுக்கொண்டிருந்தது.

இப்போது அந்த வெயில் இல்லை. மேட்டிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஈரச்சாக்கு வாசனையும் பச்சைக்கொழுந்தின் கசப்பும் கலந்து, ஒவ்வொரு நிரையாகத் தேயிலையை விழுங்கி, சவுக்கு மரங்களின் இடுப்புவரை வந்து நின்று, பிறகு மெல்ல அவற்றின் தலையையும் மூடிக்கொண்டது. எதிரே கொழுந்து பறிக்கிற பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். வேலை விட்டு வருகிற பெண்கள் ஒரு மலைக்குக் கேட்கும்படி பேசுவார்கள், திட்டுவார்கள், சிரிப்பார்கள். இவர்களிடம் ஒரு சொல் இல்லை. கையிலிருந்த கம்பால் வடிகால் கானின் ஓரத்துக் கல்லை ஒருத்தி தட்ட, பின்னால் வந்தவள் தட்ட, அதற்கும் பின்னால் கண்ணுக்குத் தெரியாத யாரோ தட்ட, டொக், டொக் என்று அந்தச் சத்தம் மட்டும் அவர்களோடு கீழே போனது.

அப்போதுதான் கேட்டது.

"கலை..."

ஆண் குரல். கத்தல் இல்லை. பக்கத்துக் கானில் நிற்பவன் கூப்பிடுவதுபோல நிதானமாக.

ஷாமிளா திரும்பி வாயைத் திறந்தாள். அக்காவின் உள்ளங்கை அதை மூடியது. சவர்க்காரமும் உப்பும் நாறிய கை.

அந்தக் குரலை ஷாமிளாவுக்குத் தெரியும். கிருஷ்ணராஜ் அத்தானின் குரல்.

வீடு ஒதுக்குப்புறமாக இருந்தது. மண்சரிவு எச்சரிக்கை வந்து பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் சனத்தையெல்லாம் கீழ் டிவிசனுக்கு மாற்றியபிறகு, ஃபெக்டரியில் வேலை பார்க்கும் அத்தானின் இந்தத் தகரக்கூரை வீடு மட்டும் மேலே மிஞ்சியிருந்தது. கதவைத் தாழிட்டு, கீழ் இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டுத்தான் கலைச்செல்வி மூச்சு விட்டாள். சன்னல் இடுக்குகளிலும் துணி அடைத்திருந்தது.

"வராதன்னு மெசேஜ் போட்டேன்ல?"

"லீவு கெடைக்கிறதே பெருசு. அவிசாவளை கார்மென்ட்ஸ்ல வெந்துட்டுக் கெடக்கேன், நாலு நாள் குளிர்ல தூங்கலாம்னு வந்தா வெரட்டுறியே."

"வெந்த மூஞ்சி மாதிரித் தெரியலையே. கிரீம் பூசிப் பூசிப் பொன்னாங்கண்ணி சாப்பிட்டவ மாதிரி மின்னுற."

அது பழைய அக்கா. ஒரு கணம் மட்டும். பிறகு அவள் கண் மறுபடி கதவுக்குப் போய்விட்டது.

ஷாமிளா அதைக் கவனித்தாள். இரண்டு மாதமாகவே மனதில் ஒரு முள் இருந்தது. நாளுக்குப் பத்து தடவை வாட்ஸ்அப்பில் குரலாகவே பேசி அனுப்புகிற அக்கா, திடீரென்று எழுத்து மட்டுந்தான் அனுப்பினாள். ஏன் என்று கேட்டால், "தொண்ட சரியில்ல." தொண்டைக்கு இப்போது ஒன்றும் இல்லையே.

"கீழ அத்தான் கூப்பிட்டாரே, ஏன் நிக்கல?"

"அத்தானுக்குக் காய்ச்சல். உள்ள படுத்திருக்காரு."

"நான் கேட்டேன்க்கா."

"பனி எறங்குனா இந்தத் தோட்டத்துல யாரும் கொரல் குடுக்க மாட்டாங்க. யாரு கூப்பிட்டாலும் சரி. பழக்கம் அப்படி. கல்லத் தட்டுவாங்க, அவ்வளவுதான்."

"அம்மா இருந்து இதக் கேட்டிருந்தா வெளக்குமாத்த எடுத்திருப்பா."

கலைச்செல்வி சிரிக்கவில்லை.

தெஹியோவிட்ட இறப்பர் காட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருவரும். விடியுமுன்னே அம்மா பால் வெட்டப் போவாள். மரத்துக்கு மரம் ஆள் தெரியாது. ஒருத்தர் "ஓ..." என்றால் அடுத்தவர் அந்த மூச்சிலேயே "ஓ..." என்று திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாம்பு கடித்திருக்கிறது, அல்லது பன்றி விரட்டியிருக்கிறது, ஓடு என்று அர்த்தம். கூப்பிட்ட குரலுக்குப் பதில் கொடுக்காதவர் மனுசரே இல்லை என்பாள் அம்மா.

அந்த அம்மாவின் மூத்த மகள்தான் இப்போது காதை மூடிக்கொள்கிறாள்.

அடுப்படியில் இஞ்சி மணந்தது. அக்கா கோப்பைகளில் பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு, ஷாமிளாவுக்கு, உள்ளே படுத்திருக்கும் அத்தானுக்கு. பிறகு இன்னொரு கோப்பை.

"இது யாருக்கு?"

கை ஒரு நொடி நின்றது. "அவருதான் ரெண்டு குடிப்பாரு."

இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு அக்கா பின்னறைக்குப் போனாள். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது. புதுத் தாழ்ப்பாள், ஆணிகள் இன்னும் மினுங்கின. காய்ச்சல்காரனை யாராவது வெளிப்பக்கம் தாழிட்டு வைப்பார்களா? கதவு திறந்த இடைவெளியில் விக்ஸ் வாசனை வந்தது, அதற்கடியில் வேறொரு வாசனை, நாள்பட்ட ஈரம், பாசி, கல்லைப் புரட்டினால் அடியிலிருந்து வருமே அந்த மண். ஒரு இருமல். கதவு மூடியது. இன்னொரு இருமல்.

கதவோரத்தில் ரப்பர் பூட்ஸ் இரண்டு சோடி. இரண்டும் ஆம்பிளை அளவு. ஷாமிளா குனிந்து பார்த்தாள். ஒரு சோடியின் இடதுகால் பெருவிரல் பக்கம் பிறை மாதிரிக் கிழிந்திருந்தது. மற்றதிலும் அதே இடம். அதே பிறை.

அத்தானின் பூட்ஸ் மாதிரி இன்னொன்று. வாங்கிக் கொடுத்தது யார்? போட்டுக்கொள்வது யார்?

வேண்டாம் என்று தள்ளத் தள்ள அந்த எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்து வீடுகள் காலி. வெளிப்பக்கம் தாழிட்ட அறை. வீட்டுக்காரரின் குரல் கேட்டதும் ஓடுகிற மனைவி. உள்ளே இன்னொருவன் இருக்கிறான். அத்தானை வெளியே விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறாள் அக்கா.

இந்த அத்தான்தான் அம்மா செத்தபிறகு ஷாமிளாவை ஏ.எல். உயர்தர வகுப்பு வரைக்கும் படிக்க வைத்தவர். பரீட்சைக்குப் போகும்போது தன் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டி அனுப்பியவர். அதே ஸ்வெட்டரைத்தான், பழுப்பு நிறம், முழங்கையில் ஒட்டுப் போட்டது, இன்றைக்கும் அவள் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

கூரையில் பனி சொட்டியது. வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி ஆகியிருந்தது. பகல்தான், ஆனால் சன்னலுக்கு வெளியே கொய்யாமரம் இல்லை, பாதை இல்லை, படிக்கட்டு இல்லை.

"கலை... கதவத் தொற..."

கிட்டத்தில். முற்றத்தின் விளிம்பில்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா வரவில்லை. பதிலும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

"குளிருது கலை..."

ஷாமிளாவின் கண் நிறைந்தது. கல்நெஞ்சுக்காரி. போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. இந்தக் குளிரில் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் தாங்குவார்? உள்ளே வந்து கிடப்பவனுக்குச் சுடச்சுட சாயத்தண்ணி. கட்டினவருக்குப் பனி.

"கலை... கால எடுக்க முடியல..."

குரல் தளர்ந்தது. ஒரு முனகல். பிறகு எதுவும் இல்லை.

பதில் கொடுக்காவிட்டால் ஓடு.

ஷாமிளா எழுந்தாள். சன்னல் துணியைப் பிடுங்கினாள். கண்ணாடியைத் தள்ளினாள். பனி முகத்தில் ஈரக் கையாக அப்பியது. அம்மா கற்றுக்கொடுத்தபடி அடிவயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"ஓ... அத்தான்! நான் ஷாமிளா! அங்கனயே இருங்க, இந்தா வர்றேன்!"

முனகல் நின்றது.

கூரைச் சொட்டு நின்றது. தூரத்தில் கல் தட்டிய சத்தம் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். மலை முழுவதும் ஒரு சொல்லை வாயில் போட்டு மெதுவாக ருசி பார்ப்பதுபோல ஓர் அமைதி.

அடுப்படியில் எதுவோ விழுந்து உடைந்தது.

கலைச்செல்வி அடுப்படி வாசலில் நின்றாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"கொரல் குடுத்தியா?"

"குடுத்தேன். உன்னை மாதிரி நெஞ்சு எனக்கு இல்ல. உள்ள யாருக்கா? யாரைப் பூட்டி வச்சிருக்க?"

"பேரையும் சொன்னியா?"

"சொன்னேன்! கதவத் தொற, அத்தானைத் தூக்கணும்."

கலைச்செல்வி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அழுது முடித்தவளின் குரலில் பேசினாள்.

"நானும் அதத்தாண்டி செஞ்சேன். ஃபெக்டரி விட்டு வர்றவரு பனியில வழி தெரியாம நிப்பாரேன்னு, படியில நின்னு 'ஓ'ன்னேன். அம்மா மாதிரி. என் கொரலு கேட்டதும் அவரும் திருப்பிக் குடுத்தாரு. இந்த மலையில பொறந்த மனுசன், வாழ்க்கையில ஒருநாள் கூடப் பனிக்குப் பதில் சொல்லாதவரு, எனக்காகச் சொன்னாரு. அப்பறம் வந்தாரு. சாப்பிட்டாரு. படுத்தாரு."

"அப்பறம்?"

"அப்பறம் கதவத் தட்டுனாங்க."

ஷாமிளாவுக்குப் புரியவில்லை. புரிய வேண்டாம் என்று தோன்றியது.

"அப்பயிருந்து அந்தக் கொரலு இங்கனயே சுத்துது. அதுக்கு ஒருதடவ பதில் கெடைச்சாப் போதும்."

டொக்.

முன்கதவு. மெல்லிய தட்டல். விரல் எலும்பால்.

"அக்கா..."

பெண் குரல். கொஞ்சம் மூக்கடைத்த, பஸ்ஸில் வந்த களைப்புள்ள, சின்னக் குரல்.

"அக்கா, கதவத் தொற. லீவு கெடைக்கிறதே பெருசு. வெரட்டுறியே..."

ஷாமிளா தன் தொண்டையைப் பிடித்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

கலைச்செல்வி எழுந்தாள். கதவை நோக்கி நடந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அக்கா! தொறக்காத!"

"நீயா இருந்தா?"

"நான் இங்க இருக்கேன்! பாரு! நான்தான்!"

அக்கா திரும்பிப் பார்த்தாள். கூடப் பிறந்தவளைப் பார்க்கிற பார்வை இல்லை. சந்தையில் பழம் பொறுக்குகிறவள் போல, மேலிருந்து கீழ்வரை. ஸ்வெட்டரில் கண் நின்றது. அந்தப் பார்வையில் அன்பும் இருந்தது, சந்தேகமும் இருந்தது, எது எவ்வளவு என்று தெரியவில்லை.

"அவரும் இப்படித்தான் சொன்னாரு," என்றாள். "ரெண்டு பேருமே சொன்னாங்க."

இரண்டு கோப்பைகளையும் கொடுத்துவிட்டு வந்த அவசரத்தில் பின்னறைத் தாழ்ப்பாளை அவள் போட மறந்திருந்தாள். கதவு தானாகப் பின்வாங்கியது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிருஷ்ணராஜ் அத்தான் வெளியே வந்தார். மெலிந்திருந்தார். கையில் காலிக் கோப்பை. கண் கூசி, ஷாமிளாவைப் பார்த்து, இடப்பக்கமாகச் சாய்ந்து சிரிக்கும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

அவருக்குப் பின்னால், அவருடைய தோளைப் பிடித்தபடி, கிருஷ்ணராஜ் அத்தான் வந்தார். கையில் காலிக் கோப்பை. அதே சிரிப்பு. அதே பக்கம்.

"ஷாமிளாவா?" என்றார்கள். "எப்ப வந்தீங்க?"

ஒரே வாயாக.

"எது அவருன்னு எனக்குத் தெரியலடி," அக்காவின் குரல் கெஞ்சியது. "தப்பான ஆள வெளிய தள்ளிட்டா? பனியில செத்துருவாருல்ல? அதான் ரெண்டையும் வச்சிருக்கேன். உன்னையும் எப்படி வெளிய விடுவேன்?"

அக்காவின் கையில் முன்கதவுத் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

பனி முதலில் வந்தது. பிறகு ஈரச் செருப்பு. கணுக்காலில் கருப்பாக ஊதிய அட்டைகள். பழுப்பு ஸ்வெட்டர். முழங்கையில் ஒட்டு. பிறகு முகம்.

ஷாமிளா உள்ளே வந்து, ஷாமிளாவைப் பார்த்து, பயந்துபோய் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அக்கா," என்று விசும்பினாள். "யாருக்கா அது?"

கலைச்செல்வி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். சாக்கைத் திணித்தாள். அடுப்படிக்குப் போய் இன்னொரு கோப்பையைக் கழுவத் தொடங்கினாள்.