ரேகை இல்லாத நாற்பது பேர்

பெர்சிஸ் எதையும் தொடவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் அவள் குரலில் "வாங்க" என்றது.

மேல்விஷாரத்துத் தோல் ஷெட்டில் வெள்ளிக்கிழமை மதியம். முதலாளியும் முக்கால்வாசி ஆட்களும் ஜும்மா தொழுகைக்குப் போய்விட, காலையிலிருந்து தோலை உருட்டிய டிரம்கள் நின்று, உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் மட்டும் எங்கோ சொட்டுச் சொட்டாக இறங்க, சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை, விடுமுறை தெரியாத கணக்குப்பிள்ளையைப்போல அவளருகிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாயிரத்து நாலில், வருகைப்பதிவை விரல்ரேகையோடு கம்ப்யூட்டருக்கு மாற்றும் புது மென்பொருள் அது. லாங் பஜார் ஜவுளிக்கடை ஒன்றின் மாடி அறையில் அவள் வடிவமைத்தது. முதல்முறை பதிகிறவர்களுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் தடுமாற்றம் வரக்கூடாதென்று, ஒவ்வொரு திரைக்கும் தன் குரலிலேயே வழி சொல்லியிருந்தாள். விரலை வைங்க. வேலை இடத்துப் படத்தைத் தொடுங்க. பயப்படாதீங்க. பாதியில் யாரும் நழுவிவிடாமலிருக்க ரத்து பட்டனையே எடுத்துவிட்டாள். படியேறிய கிராக்கியைத் துணி கிழிக்காமல் இறங்கவிடாத பஜார் சாமர்த்தியம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விரலில்தான் வந்தது வினை. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பில் ஊறிய கைகளில் ரேகை இல்லை. நாற்பது பெயர்கள் மெஷினில் ஏறவில்லை.

மேனேஜர் அப்துல் வஹீத் தொழுகைக்குக் கிளம்பும்போதே பேரத்தை முடித்துவிட்டார். "இன்னிக்குப் பதிவாகாதவனுக்கு நாளைலேர்ந்து வேலை இல்லம்மா. பேரு அவங்களுது, விரலு உன்னுது. இன்னா பெரிய பேஜாரு?"

வைத்தாள். பழைய பட்டியலைப் பார்த்து, நாற்பது முறை. கடைசிப் பெயர் துரைசாமி.

இப்போது அந்தப் பெயர் திரையைவிட்டு நகரவில்லை.

வாசலில் சோறு தின்றுகொண்டிருந்த பழைய தொழிலாளி காசியிடம் போனாள். "காசிண்ணா, துரைசாமி யாரு?"

"நம்ம தோஸ்துதான். போன ஐப்பசில அதோ அந்தக் கழிவுக்குழியைக் கழுவ இறங்கினான். வாயு அடிச்சுது. ஏறல." மோரை ஊற்றிக்கொண்டார். "பேரை இன்னும் அடிக்கலியா? செத்தாலும் லீவு தரமாட்டானுங்கம்மா."

திரும்பி ஓடினாள். திரை மாறியிருந்தது. வேலை இடம்: குழி. அப்படியொரு படத்தை அவள் வரையவே இல்லை.

நிறுத்த வேண்டும். பட்டன் இல்லை. வயரைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

"துரைசாமி, வாங்க."

காசிண்ணா என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் குரல் ஸ்பீக்கரில் இருந்தது.

"பயப்படாதீங்க. இன்னும் ஒரே படிதான்."

கால்கள் நடந்தன. அவள் நடக்கவில்லை.

காசி கை கழுவிவிட்டு நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"டேய், வந்துட்டியா! இன்னாடா இவ்ளோ லேட்டு?"

நான் பெர்சிஸ். நான் பெர்சிஸ். உதடு மட்டும் அசைந்தது. காசி சிரித்தபடி குழியின் இரும்பு மூடியை இழுத்தார். கரகரவென்று நகர்ந்தது.

விளிம்பு. கால் கட்டைவிரல் அதைத் தாண்டியது.

கீழே இருட்டு. இருட்டில் முகங்கள். அண்ணாந்த முகங்கள். நெருக்கியடித்து.

நடுவில் ஒருவர், டவுன் பஸ்ஸில் இடம் கொடுப்பதுபோல, தோளைச் சுருக்கி ஒதுங்கினார்.