வாசற்படிக்குக் கீழே

கலாதேவி பாடாத இடத்தில் ஏதோ ஒன்று எச்சில் விழுங்கியது.

பவித்ரன் பாட்டை நிறுத்திச் சற்றுப் பின்னுக்கு நகர்த்தி, மறுபடியும் கேட்டான். பல்லவியின் முதலடி முடிந்து இரண்டாமடி தொடங்குமுன் உள்ள சிறிய இடைவெளியில், ஈரமான ஒன்று மற்றோர் ஈரத்திலிருந்து மெல்லப் பிரிவது போன்ற ஓசை கேட்டது. ரப்பர் மரத்துப் பாலைப் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தில் உறைந்து புளித்த கட்டிப்பாலை விரலால் உரித்தெடுக்கும்போது அப்படித்தான் கேட்கும். சிலிம் ரிவரை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவனாதலால், அவ்வோசையையும் அதனோடு வரும் அழுகல் நாற்றத்தையும் அவன் நன்கறிவான்.

அன்று சனிக்கிழமை. ஈப்போவில் பிற்பகல் மழை தகரக்கூரையை அறைந்துகொண்டிருந்தது. அவன் மனைவி கலாதேவிக்குத் திங்களன்று கழுத்துக் கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சை. குரல் பழையபடி திரும்பும் என்று உறுதி கூற இயலாது என மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே, காலையில் மழைக்கு முன்பாகவே மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி அலமாரியைத் திறந்து வைத்து, எதிரொலியை விழுங்கும்படி உள்ளே தொங்கிய சேலைகளின் முன் அவளை நிறுத்திப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தான். இனி அவளுக்கு எஞ்சப்போகும் குரல் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம்.

"என் கொரல பெட்டியில போட்டுப் பூட்டியாச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள். சிரிப்பு கலந்த அக்குரல் மழைக்கு அப்பாலிருந்து தேய்ந்து வந்தது. இன்னும் கொஞ்சம் மெருகேற்ற வேண்டும் என்று பதிலுரைத்தான்.

மெருகு என்று அவன் சொன்னது கம்ப்ரசர் என்னும் மென்பொருளை. ஓங்கி எழும் ஒலியை அமுக்கித் தாழ்ந்த ஒலியோடு நெருங்கச் செய்வது அதன் வேலை. அத்தகைய மூன்றைக் கணினியில் இறக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். அதன் நுட்பத்தைத் தொலைபேசியில் கற்பித்தவன், கோலா கங்சாரில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கும் நண்பன் ஷர்வின். ஒலி எந்த அளவைத் தாண்டினால் அமுக்கப்படுமோ, அந்த அளவுக்கு அவன் இட்டிருந்த பெயர் வாசற்படி.

"வாசப்படிக்கு மேல தலைய தூக்குற சத்தத்ததான் மச்சான் அது அமுக்கும். அப்பறம் நீ மொத்தத்தையும் தூக்கி விடுவ. கீழ கெடந்ததெல்லாம் கூடவே ஏறி வந்துரும். பாத்து லா, கலா எச்சி முழுங்குறது கூட கேக்கும்."

பலமாக ஒலிப்பதே நல்லதெனக் காது ஏமாறும் என்றும் ஷர்வின் எச்சரித்திருந்தான். ஆதலால் மூன்றையும் ஒரே அளவில் ஒலிக்கச் செய்து, கண்ணை மூடி மாறிமாறிக் கேட்டான். முதலாவது குரலைத் துல்லியமாக்கியது. இரண்டாவது சற்றே கனமாக்கியது. அமுக்கும் அளவைக் காட்டும் பழைய முள் மானியின் படம் தாங்கிய மூன்றாவதோ, அவள் அவன் காதருகே அமர்ந்து பாடுவதைப் போல நெருக்கியது. அந்த ஈர உரிப்பும் நெருங்கியது. நாக்கடியில் கோழை புரள்வதைப் போன்று அது நெளிந்தபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்தாண்டுகள் தன்னை முத்தமிட்ட வாயை அருவருத்துவிட்டோமே என்று நாணினான்.

ஷர்வினை அழைத்து, அதை நீக்க வழி கேட்டான்.

"படிய அடியோட எறக்கு. அது ஒளிஞ்சிருக்குற எடமெல்லாம் பளிச்சுன்னு கேக்கும். வெட்டிட்டு, படிய மறுபடி ஏத்திரு," என்றான் ஷர்வின்.

பவித்ரன் இறக்கினான்.

கலாதேவியின் குரல் நசுங்கித் தட்டையாயிற்று. அதன் அடியிலிருந்து அது எழுந்தது. முதலில் அடிகளுக்கிடையே. பின்னர்ச் சொற்களுக்கிடையே. பின்னர் எழுத்துகளுக்கிடையே. வெட்டினான். வெட்டிய இடத்திலும் கேட்டது. பாட்டு முடிந்தது. மானியின் முள் மட்டும் இன்னும் சாய்ந்தே நின்றது, குரலேதும் இல்லாத வெறுமையில் எதையோ அமுக்கியபடி.

கம்ப்ரசரை அணைத்துவிட்டு மூலப்பதிவை ஓடவிட்டான். காலையில் கணீரென்றிருந்த குரல் அதில் நூலாக இளைத்திருந்தது.

"என்னாங்க. தேத்தண்ணி கலக்கவா."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான். அடுப்படிக்கும் அவ்வறைக்கும் இடையே ஒரு கூடமும் மழையின் இரைச்சலும் இருந்தன. எனினும் அவளுடைய அச்சொற்கள் அவன் செவிமடலில் ஒலித்தன. ஏற்றமில்லை. இறக்கமில்லை. கேள்வியின் வளைவுகூட இல்லை. ஒவ்வோர் எழுத்தும் ஒரே உயரம். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அந்த உரிப்பு.

படியை ஏற்றினான். முழுவதும் மேலே. முள் அசையவில்லை. மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். திரை இருண்டது.

"கலா, ஒண்ணும் பேசாத. அப்படியே இரு. நான் வாரேன்."

கூடத்தைக் கடக்கும்போதே நாற்றம் அறைந்தது. நாள்கணக்கில் கிடந்து புழுத்த கட்டிப்பாலின் நாற்றம். அவன் மூக்கைப் பொத்தினான். தொண்டையில் ஒட்டியது.

அவள் அடுப்பருகே, இரு கைகளாலும் கழுத்தை இறுகப் பற்றி நின்றாள். அவனைக் கண்டதும் வாயைத் திறந்தாள். அழைக்க முயன்றாள். காற்று மட்டும் வந்தது. நாக்கு அசையாமல் கிடந்தது. அதற்குப் பின்னால், தொண்டையின் சிவந்த சதையிலிருந்து வெண்மையான தடித்த ஒன்று தன்னை உரித்துக்கொண்டு எழுந்தது.

பாடத் தொடங்கியது.

கலாதேவியின் குரல். காலையில் பாடிய அதே குரல். பிசிறின்றி, கனிந்து, ஒரே அளவில்.

கண்ணீர் வழிய, அவள் இரு விரல்களை வாய்க்குள் திணித்து அதைப் பிடித்திழுத்தாள். வெண்ணிற இழைகள் உதட்டிலிருந்து மணிக்கட்டு வரை நீண்டு தொங்கின. விரல்களைச் சுற்றி வழிந்தபடியே அது பாடிக்கொண்டிருந்தது.