படுக்க வைத்த கதவு

லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் கயிறு போட்டு வரிந்து கட்டிய அந்த மேசை, உடையார்கட்டில் நிரோஜனின் புது வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்து மணிதான் இருக்கும். ஆவணி வெயில் அதற்குள்ளேயே மண்டையைப் பிளக்கத் தொடங்கியிருந்தது. மூன்று மாதமாக ஒரு துளி மழை இல்லை. கிணற்றடி வாழை கூடத் தலை தொங்கி நின்றது.

"மச்சான், உன்ரை மேசை வந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு இறங்கினான் தச்சுவேலை ரஜிதன். "இனிப் பொம்பிளை வாறதுதான் பாக்கி. அவவுக்கும் நாலு கால் பூட்ட வேணுமெண்டாச் சொல்லு, செய்து தாறன்."

"வாயை மூடிக்கொண்டு பிடியடா."

சும்மா சொல்லக்கூடாது, அழகான சின்ன வீடுதான். ஒரு விறாந்தை, ஒரு அறை, ஒரு குசினி. பதினேழு வயதில் போர் முடிந்து முகாம் கூடாரம், பிறகு ஜெயபுரத்தில் அக்கா வீட்டு விறாந்தை, பிறகு கட்டாரில் பன்னிரண்டு பேர் அடுக்கிப் படுக்கிற அறை என்று, முப்பத்து மூன்று வயது வரை தன்னுடையது என்று ஒரு கதவைச் சாத்திப் படுத்தறியாதவன் நிரோஜன். அதனால்தான் கட்டாரில் இருந்த எட்டு வருசமும் தனியாள் வீட்டுப் படங்களாகத் தேடித் தேடிப் போனில் சேர்த்து வைத்தான். சாம்பல் நிறச் சுவர், கறுப்பு இரும்புத் தட்டு, பதிந்த கட்டில், சீமெந்துச் சாடியில் ஒற்றைச் செடி, மேசைக்கு மேலே தொங்குகிற மஞ்சள் பல்பு. படத்தில் இருந்தது போலவே ஒவ்வொன்றாக வாங்கி வைத்தான்.

வந்து பார்த்த அக்கா நேசமலர் மூக்கில் விரல் வைத்தாள். "இதென்னடா, வீடோ சலூனோ? முடிவெட்ட ஆக்கள் வந்து குந்தப்போகினம்."

சிரித்தாலும் அவள் கண் கலங்கியிருந்தது. மூன்று சம்பந்தம் பேசி மூன்றும் தட்டிப் போனது அவளுக்குத்தானே தெரியும். நாலாவதாக வந்தவள்தான் ஜெயரூபி. வவுனியாவில் ரீச்சர். போனில் அவள் நிரோஜனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குப் பெரிய வீடு வேண்டாம். பயமில்லாமல் நித்திரை கொள்ள ஒரு அறை இருந்தாக் காணும். அப்பிடி ஒண்டு உங்களிட்டை இருக்கோ?"

"இருக்கு," என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை தாயோடு வீடு பார்க்க வருகிறாள். அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். இதுவும் கைநழுவினால் இந்தச் சாம்பல் சுவர்களுக்குள் சாகும் நாள் வரைக்கும் தனியேதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மேசை என்றேனே, அது முன்பு ஒரு கதவு. முல்லைத்தீவில் பழைய மரம் விற்கிற யஹ்யா நானாவின் வளவில் சாய்ந்து கிடந்தது. "முதிரை மரம், தம்பி. எத்தினை மழை வெயில் கண்டும் ஒரு உளுப்பு இல்லை. ஆற்றை வீட்டுக் கதவெண்டு மட்டும் கேக்காதைங்கோ, எனக்கே தெரியாது," என்றார் அவர். பழைய கதவைப் படுக்க வைத்துக் கால் பூட்டிச் சாப்பாட்டு மேசையாக்குவது போனில் இருந்த படங்களில் அப்போது பெரிய நாகரிகம்.

"மேல்பக்கம் கண்ணாடி மாதிரிச் சீவி வார்னிஷ் அடிச்சிருக்கிறன்," என்றான் ரஜிதன், மேசையைத் தட்டி. "கீழ்ப்பக்கத்திலை கை வைக்கேல்லை. அடியிலை ஆர் பூந்து பாக்கப்போறான்?"

இரண்டு பேரும் வன்னியில் பிறந்து, வன்னியில் வளர்ந்து, வன்னியில் ஓடினவர்கள். ஒரு கதவைப் படுக்க வைத்தால் அது என்னவாகும் என்று அந்த நேரம் இருவருக்கும் நினைவு வரவில்லை. அதுதான் பிழை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம். வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. காகம் கூடக் கத்தவில்லை. நிரோஜன் வெறுந்தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்துக் கதிரையில் சாய்ந்தான்.

கோப்பைக்குள் தேத்தண்ணி வட்டமாக நடுங்கியது.

டக். டக். டக்.

மேசைக்கு அடியில் இருந்து.

'வெக்கைக்கு மரம் முறுகுது' என்று நினைத்துக்கொண்டான். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். டக். டக். டக். மூன்று, ஒரு இடைவெளி, மூன்று. அந்த இடைவெளியை அவனுடைய மனம் அடையாளம் காணமுன்னரே உடம்பு கண்டுகொண்டது. தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி, ரேடியோவைப் பெரிதாகப் போட்டான்.

புதன்கிழமை அதே நேரம் மணம் வந்தது. ஈர மண் மணம். கிணறு வெட்டும்போது ஆழத்தில் இருந்து கிளம்புமே, அது. அதோடு மண்ணெண்ணெய் விளக்கு அணைந்த புகை. வேர்த்த துணி. மூடிய இடத்தில் நிறையப் பேர் மூச்சு விட்ட வாடை.

கதிரையில் இருந்தபடி குனியாமல் காலை மட்டும் நகர்த்தினான். புதிதாகப் பதித்த வெள்ளை மாபிள். பாதத்தின் கீழே ஈர மண் நசிந்தது.

நகர வேண்டும் என்று நினைத்தான். முடியவில்லை.

அப்போதுதான் அவனுடைய கணுக்காலை ஒன்று பிடித்தது.

சின்னக் கை.

கதிரையோடு பின்னால் விழுந்தான். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு போன் லைட்டைப் போட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே தலையை நீட்டினான்.

ஒருவரும் இல்லை. மண்ணும் இல்லை. மாபிள் பளிச்சென்று கிடந்தது.

லைட்டை மேலே பிடித்தான்.

சீவாத மரத்தில் ஒரு ஓரமாகப் பென்சில் கோடுகள். கதவோடு சாய்த்து நிற்பாட்டிப் பிள்ளையின் உயரத்தைக் குறிப்பார்களே, அது. ஐந்து கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'குட்டி' என்று எழுதி மாதம் போட்டிருந்தது. கடைசிக் கோடு தை, 2009. அதற்கு மேலே கோடு இல்லை.

கோடுகளுக்குக் குறுக்காக, கதவு முழுக்க, கீறல்கள். நகத்தால் கீறின கீறல்கள். நாலு நாலாக. பெரிய கைகளினதும் சின்னக் கைகளினதும்.

வீட்டுக் கதவைக் கழற்றி யார் படுக்க வைப்பார்கள்? எல்லாரும்தான் படுக்க வைத்தார்கள். குண்டுக்குப் பதுங்க வளவுக்குள் பங்கர் வெட்டி, குழிக்கு மேலே வீட்டுக் கதவைப் போட்டு, அதற்கு மேலே பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை ஏற்றி, அதற்குக் கீழே பிள்ளை குட்டிகளோடு குந்தியிருந்தார்கள். மேலே குண்டு விழுந்தால் மண் சரியும். கதவு அசையாது. பிறகு அதை வெளியில் இருந்து யாராவது தூக்கினால்தான் உண்டு.

நிரோஜனுக்கு ஒரு பங்கர் தெரியும். மாசி மாதம், மத்தியானம். அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். ஒரு வளவில் மண் சரிந்து கிடக்கிறது. மண்ணுக்குள் ஒரு கதவின் மூலை தெரிகிறது. அதற்குக் கீழே இருந்து மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. அவன் நின்றான். அக்கா இழுத்தாள். அவன் ஓடினான்.

அவ்வளவுதான். பதினாறு வருசமாக ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை.

ஜெயபுரத்துக்குப் போன் எடுத்தான்.

"அக்கா, அண்டைக்கு ஓடேக்கை ஒரு பங்கருக்கை தட்டிக் கேட்டதெல்லே. உங்களுக்கும் கேட்டதே?"

மறுபக்கம் கோழி கேறுவது கேட்டது.

"எனக்கு நீ ஒருத்தன்தான் மிச்சமடா," என்றாள் நேசமலர். போனை வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ரஜிதன் வந்தான். "என்ன மச்சான், கலியாணப் பயத்திலை பேய் தெரியுதோ?" என்று நையாண்டி பண்ணிக்கொண்டு மேசையில் காதை வைத்தான். வைத்த காதை எடுக்கவில்லை. சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்து போனது.

"என்னடா?"

"'அண்ணா' எண்டு கேக்குது," என்றான் மெதுவாக. "மச்சான், வெளியிலை இழுத்துக் கொளுத்துவம். இப்பவே கொளுத்துவம்."

"உள்ளுக்கை ஆக்கள் இருக்கேக்கை எப்பிடியடா கொளுத்துறது?"

ரஜிதன் அவனைப் பார்த்தான்.

"நிமித்துவம்," என்றான் நிரோஜன். "கதவெண்டால் நிண்டாத்தானே திறக்கலாம். நிமித்திப் போட்டுத் திறந்து விடுவம். ஞாயிற்றுக்கிழமை அவ வாறா, ரஜி. எனக்கு வேறை வழி தெரியேல்லை."

கால்களைக் கழற்றினார்கள். ஆசையாசையாக வாங்கிப் பூட்டிய கறுப்பு முன்கதவைக் கழற்றி மாமரத்தடியில் சாய்த்தார்கள். முதிரைக் கதவை வாசல்நிலையில் நிறுத்தி, கீறல் பக்கம் வீட்டுக்குள் இருக்கும்படி பிணைச்சல் பூட்டினார்கள். ரஜிதன் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டான். ஆணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன் வழக்கமாகக் காதில் செருகுகிற தட்டைப் பென்சிலைச் சுவரோர இரும்புத் தட்டிலேயே மறந்துவிட்டுப் போனான்.

உச்சி நேரம் நிரோஜன் கதவைப் பிடித்து அகலத் திறந்தான்.

"வெளியிலை போங்கோ," என்றான். "எல்லாரும் போங்கோ. பிந்திப் போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

வீட்டுக்குள் இருந்து ஒரு குளிர் காற்று அவனைத் தொட்டுக்கொண்டு வெளியே போனது. யன்னல் சீலை வெளிப்பக்கமாக எழும்பி விழுந்தது. ஈர மண் மணம் ஒருமுறை வந்து, இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை சத்தமில்லை. சனிக்கிழமை சத்தமில்லை. நிரோஜன் நித்திரை கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். தாய் உள்ளே வந்ததும் சாம்பல் சுவரைத் தடவிப் பார்த்தார். "ஏன் தம்பி, வீட்டுக்குள்ளை மழை வரப்போற மாதிரிக் கிடக்கு?"

"அம்மா, இதுதான் இப்பத்தையான் மோஸ்தர். நீங்கள் சும்மா இருங்கோ," என்றாள் ஜெயரூபி. பிறகு நிரோஜனைப் பார்த்து, "எங்கடை பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை விட நல்ல நிறம்தான்," என்று சொல்லிச் சிரித்தாள்.

அறைக்குள் போனாள். யன்னலைத் திறந்து பார்த்தாள். கொண்டியைப் போட்டு இழுத்துப் பார்த்தாள். கட்டில் விளிம்பில் இருந்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

"இஞ்சை நித்திரை வரும்," என்றாள்.

நிரோஜனுக்கு அழுகை வந்தது. குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தான்.

அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய சின்ன மேசையைச் சுற்றி மூவரும் இருந்தார்கள். வெயிலுக்காக முன்கதவைச் சாத்தியிருந்தான். தாய் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

டக். டக். டக்.

கதவில்.

இந்த முறை வெளியில் இருந்து.

"ஆரோ வந்திருக்கினம் போலை," என்றார் தாய்.

"காத்து," என்றான் நிரோஜன்.

யன்னலால் மாமரம் தெரிந்தது. ஒரு இலை அசையவில்லை.

டக். டக். டக்.

சத்தம் கதவின் கீழ்ப்பாதியில் இருந்து வந்தது. ஒரு பிள்ளை கை நீட்டித் தட்டுகிற உயரம். ஜெயரூபியின் கோப்பை தட்டத்தில் கிலுகிலுத்தது.

"காத்து எண்ணி எண்ணித் தட்டுமோ?" என்றாள் மெதுவாக.

நிரோஜன் கதவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். இன்னொரு தரம் காற்று என்று சொல்லலாம். ரேடியோவைப் போடலாம். இவர்கள் போகும் வரைக்கும் பொறுத்தால் போதும். வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு மணித்தியாலத்தில் தொங்கியது.

மூன்றாம் முறை தட்டியபோது, அந்தக் கை களைத்திருந்தது.

அவன் எழும்பிப் போய்த் திறந்தான்.

வாசலில் ஒருவரும் இல்லை. வெயில் மட்டும். படியில், மூன்று மாதமாக மழை காணாத ஊரில், ஈர மண் ஒட்டிய ஒரு சோடி சின்னக் காலடி. உள்ளே பார்த்தபடி.

"முந்தி ஒருக்கா இப்பிடித் தட்டிக் கேட்டது," என்றான், திரும்பாமலே. "நான் திறக்கேல்லை. ஓடிட்டன்."

ஜெயரூபி எழுந்து வந்தாள். காலடியைப் பார்த்தாள். கதவின் உட்பக்கத்துக் கீறல்களுக்கு மேலே தன் நாலு விரலையும் வைத்துப் பார்த்தாள்.

"நானும் ஒரு பகல் முழுக்க உள்ளுக்கை இருந்து தட்டினனான்," என்றாள். "எங்களுக்கு ஆரோ திறந்தவை. ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது." "நீங்கள் இண்டைக்குத் திறந்ததுதான் சரி. ஆனா என்னாலை ஏலாது. இந்தச் சத்தத்தோடை எனக்கு நித்திரை வராது. கோவியாதைங்கோ."

"ஜெயரூபி..."

"அம்மா, வாங்கோ போவம்."

படியில் இறங்கும்போது அவள் அந்தக் காலடியை மிதிக்காமல் விலத்திப் போனாள். ஓட்டோவின் சத்தம் பரந்தன் வீதிப் பக்கம் கரைந்து போகும் வரைக்கும் நிரோஜன் வாசலில் நின்றான். கதவைச் சாத்த மனம் வரவில்லை. திறந்தபடி விட்டுவிட்டு, உள்ளே வந்து, ஆறிப்போன மூன்று தேத்தண்ணிக்கு முன்னால் குந்தினான்.

எவ்வளவு நேரம் அப்படிக் குந்தியிருந்தானோ தெரியாது. பின்னேர வெயில் சரிந்து திறந்த கதவின் உட்பக்கத்தில் விழுந்தபோதுதான் தலை நிமிர்ந்தான்.

படியில் காலடி இல்லை. காய்ந்திருக்கும்.

கதவின் ஓரத்தில் பென்சில் கோடுகள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

ஆறு.

தை 2009 கோட்டுக்கு இரண்டு விரல்கடை மேலே, கோணலாக, புதிதாக ஒரு கோடு. பக்கத்தில் பெயரும் இல்லை, மாதமும் இல்லை. கதவடியில் ரஜிதனின் தட்டைப் பென்சில் முனை முறிந்து கிடந்தது.

நிரோஜன் விரலை நீட்டி அந்தக் கோட்டைத் தொட்டான்.

கரி இன்னும் விரலில் ஒட்டியது.