நாலு விரல் இடைவெளி

சில்லுவின் வீட்டுக்கு இரண்டு சக்கரங்கள் உண்டு. நடுவில், பக்கத்துக்கு ஒன்று. முன்னால் படுக்கை, பின்னால் சமையலறை, மொத்தம் இருபத்தைந்து அடி நீளம். மாமாவின் லாரிக்குப் பின்னால் மாட்டினால் வீடு ஊர்வலம் கிளம்பிவிடும்.

அம்மா பாலங்களுக்கு வர்ணம் பூசுபவர். அப்பா அதே பாலங்களுக்குச் சாரம் கட்டுபவர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த பாலம். சில்லுவுக்கு வயது பத்து. படித்த பள்ளிகள் ஆறு. ஒரு சிநேகிதி கிடைத்து, அவளோடு சண்டை போடும் அளவுக்குப் பழகுவதற்குள் மாமா லாரியோடு வந்து நிற்பார்.

அதனால் சில்லு தன் கதைப் புத்தகப் பெட்டியைப் பிரித்து அடுக்குவதே இல்லை. கயிறு கட்டியபடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். புத்தகம் வேண்டுமென்றால் அம்மாதான் முடிச்சைப் பொறுமையாக அவிழ்ப்பார்.

"கயித்தை வெட்டிடாதே. அடுத்த ஊருக்கு வேணும்" என்பார் ஒவ்வொரு முறையும்.

ஆனால் இந்தப் பாலம் பெரியது. இரண்டு வருஷ வேலை. சில்லு அதை மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். இரண்டு வருஷம் ஒரே பள்ளி! வீட்டை நிறுத்தப் பிடித்த இடமும் பள்ளி மதிலை ஒட்டியே இருந்தது. ஒரே ஒரு தொல்லை. அந்த இடம் செங்குத்தான மேட்டின் மேல் இருந்தது.

அப்பா முதல் நாளே பாலத்துக்குப் போய்விட்டார். மாமா லாரியை மேட்டின் அடியில் நிறுத்தி, தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது பாதையா, ஏணியா?"

மேட்டுப் பாதைக்கும் அதன் அடியிலிருந்த தெருமுனைக்கும் சேர்த்துப் புதிதாக சிமென்ட் போட்டிருந்தது. அதன் நடுவில் இடத்துக்காரம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"போன தடவை ஒருத்தர் இதே மாதிரி நீள வண்டியைக் கொண்டுவந்தார். பின்பக்கம் இடிச்சு, கீழே ஏர் உழுத மாதிரி பள்ளம் பண்ணிட்டுப் போயிட்டார். போன வாரம்தான் பூசினேன். இங்க ஒரு கீறல் விழுந்தாலும், அப்படியே திரும்பிப் போயிடணும். கண்டிப்பா சொல்லிட்டேன்."

அம்மாவின் முகம் சுருங்கியது. அவர்கள் வீட்டின் பின்பக்கத்துக்கு அப்படி ஒரு பெயர் உண்டுதான். போன ஊரில் வாசற்படி உடைந்தது. அதற்கு முந்தின ஊரில் நம்பர் பலகை போனது. அதற்கும் முன்னால் பாத்திரம் கழுவும் தண்ணீர்க் குழாய். ஒவ்வொரு மேட்டுக்கும் வீடு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் ஏறும்.

"முடியலேன்னா என்னம்மா பண்றது?" என்றாள் சில்லு.

"ஆத்துக்கு அந்தப் பக்கம் இடம் இருக்கு. ஆனா பக்கத்துல பள்ளிக்கூடம் கிடையாது. நீ அத்தை வீட்டுல தங்கித்தான் படிக்கணும்."

அத்தை நல்லவர்தான். ஆனால் அத்தை வீட்டில் அம்மா இருக்கமாட்டார், அப்பா இருக்கமாட்டார். சில்லு மாமாவைப் பார்த்தாள்.

"ஒரே மூச்சுல வேகமா ஏத்திடறேன். இடிக்க அதுக்கு நேரமே இருக்காது" என்றார் மாமா.

"போன ஊர்லயும் இதைத்தான் சொன்னீங்க. படிக்கு நேரம் இருந்துச்சு" என்றாள் சில்லு. "மெதுவா போங்க மாமா. நான் பின்னால பார்த்துச் சொல்றேன்."

அவள் ஒதுங்கி, தெருவோரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டாள். அங்கிருந்து வீட்டின் பின்முனைக்கும் தெருவுக்கும் நடுவே இருந்த வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தது. லாரி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. வீட்டின் முன்பக்கம் உயர்ந்தது. பின்பக்கம் தாழ்ந்தது.

"ஒரு சாண் இருக்கு... எட்டு விரல்... நாலு... ரெண்டு... நில்லுங்க!"

மாமா பிரேக் போட்டார். வீட்டின் சக்கரங்கள் மேட்டையே இன்னும் தொடவில்லை. தெருவும் மேடும் சேரும் மடிப்புக்குச் சற்று முன்னாலேயே நின்றன.

"அவ்வளவுதான். திரும்ப வேண்டியதுதான்" என்றார் இடத்துக்காரம்மா.

"அஞ்சு நிமிஷம் பெரியம்மா!" என்று சொல்லிவிட்டு சில்லு வீட்டுக்குள் ஓடினாள்.

பென்சில் பெட்டியையும் அம்மாவின் நூல்கண்டையும் ஒரு கணக்குப் புத்தகத்தையும் எடுத்துவந்தாள். புத்தகத்தைச் சாய்த்து வைத்தாள். அது மேடு. நூல்கண்டைப் பெட்டிக்கு அடியில் நடுவில் வைத்தாள். அது சக்கரம். பெட்டியின் மூக்கைப் பிடித்து மேட்டில் இழுத்தாள். பின்முனை 'டக்'கென்று தரையில் இடித்தது.

கணக்குப் புத்தகம் முதல் தடவையாக அவளுக்கு உபயோகப்பட்டது. நூல்கண்டு மடிப்பில் இருக்கும்போதுதான் பின்முனை இடிக்கிறது. அதைத் தாண்டி மேலே ஏறிவிட்டால் இடிக்கவில்லை. மடிப்பில் ஒரு அழிப்பானை வைத்து, நூல்கண்டை அதன்மேல் ஏற்றினாள். பின்முனை தரையைத் தொடாமல் போய்விட்டது.

"மாமா! மேடு முழுக்க நமக்குப் பிரச்சினை இல்லை. இந்த மடிப்பு மட்டும்தான். இங்க சக்கரத்துக்கு அடியில பலகை வச்சுட்டா போதும்!"

மாமா பெட்டியை வாங்கி இரண்டு தடவை தானே ஓட்டிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். பிறகு, "பலகைக்கு எங்க போறது?" என்றார்.

சில்லு மறுபடி உள்ளே ஓடினாள். தடதடவென்று சத்தம் கேட்டது. மெத்தை ஒன்று கதவு வழியாக வெளியே விழுந்தது. அதன் பின்னால் அவளுடைய கட்டில் பலகைகள் ஒவ்வொன்றாக வந்தன. மொத்தம் எட்டு.

"இன்னைக்கு எங்கடி படுப்பே?" என்றார் அம்மா.

"இந்த ஊர்லயே எங்கயாவது!"

சக்கரத்துக்கு நாலு பலகையாக, படிப்படியாக அடுக்கினார்கள். சில்லு மறுபடி தெருவோரத்தில் படுத்தாள். லாரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. சக்கரங்கள் முதல் பலகையில் ஏறின. இரண்டாவதில், மூன்றாவதில், நாலாவதிலும் ஏறின.

"மூணு விரல்... ரெண்டு விரல்... ஒரு விரல்... நில்லுங்க மாமா!"

இன்னும் ஒரு முழம் போனால் மடிப்பு தாண்டிவிடும். ஆனால் ஒரு விரல்தான் மிச்சம். பலகை தீர்ந்துபோயிற்று. மாமா எஞ்சினை அணைத்தார். இடத்துக்காரம்மாகூடக் கொஞ்சம் பாவமாகத்தான் பார்த்தார்.

அமைதியில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. சளக், சளக்.

சில்லு எழுந்து உட்கார்ந்தாள். சமையலறைப் பரணில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. வீட்டின் கடைசி முனையில். முந்நூறு லிட்டர். கிளம்பும்போதெல்லாம் அம்மா அதை வாய்வரை நிரப்பிவிடுவார்.

"அம்மா, தொட்டி பின்னால இருக்கு. அந்தக் கனம்தான் பின்பக்கத்தை அமுக்குது. அதைக் காலி பண்ணிடலாமா?"

அம்மா உடனே மறுப்பாகத் தலையை ஆட்டினார். "அது மட்டும் முடியாது. நீ கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு ஊருக்கு காலித் தொட்டியோட போனோம். உனக்குக் காய்ச்சல். துணி நனைச்சு நெத்தியில போடக்கூடத் தண்ணி இல்லை. ரெண்டு நாள். அன்னையிலிருந்து தொட்டியை நிரப்பாம நான் எங்கயும் போறதில்லை."

இதை அம்மா இதுவரை அவளிடம் சொன்னதில்லை. சில்லு சுற்றுமுற்றும் பார்த்தாள். மேட்டோரத்தில் வரிசையாகச் செடிகள் தலைதொங்கி நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய பீப்பாய்கள்.

"பெரியம்மா, அந்தப் பீப்பாய்ல தண்ணி இருக்கா?"

"எங்க இருக்கு? மோட்டார் கெட்டு மூணு நாள் ஆச்சு. நாளைக்குத்தான் சரிபண்ண ஆள் வரும். செடியெல்லாம் வாடுது."

"அப்போ எங்க தண்ணியை அதுல ஊத்தி வச்சுக்கலாமா? நீங்க செடிக்கு எடுத்துக்கங்க. நாங்க குடிக்க எடுத்துக்கறோம். அம்மா, தண்ணி எங்கயும் போகாது. இடம்தான் மாறும்."

அம்மா பீப்பாய்களைப் பார்த்தார். இடத்துக்காரம்மா ஓடிப்போய் ஒரு ரப்பர் குழாயை இழுத்துவந்தார். மூன்று நாளில் அவர் இவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பீப்பாய்களை இரண்டு தடவை கழுவியது அம்மாதான். தொட்டியின் திருகைத் திறந்துவிட்டதும் அம்மாவேதான்.

தொட்டி காலியாக அரைமணி நேரம் ஆயிற்று. வீட்டின் பின்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. சில்லு கையை நீட்டி அளந்தாள். நாலு விரல்.

"வாங்க மாமா... நாலு... மூணு... மூணுதான்... மடிப்புல இருக்கீங்க... ரெண்டு... ரெண்டு... மூணு! தாண்டியாச்சு! போங்க, போங்க!"

வீடு மேட்டில் ஏறிப் பள்ளி மதிலோரம் போய் நின்றது. இந்த முறை எதையும் கீழே விட்டுவிட்டுப் போகவில்லை.

இடத்துக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, மேட்டின் அடியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேடினார்.

"ஒரு கீறல் இல்லை" என்றார், ஏதோ ஏமாந்துபோனவர் மாதிரி. பிறகு சிரித்துவிட்டார். "பாப்பா, எந்த வகுப்பு?"

"அஞ்சாவது. இங்கதான்!"

சாயங்காலம் மாமா பலகைகளைத் துடைத்துக் கட்டிலில் பொருத்தினார். டயர் தடம் மட்டும் போகவில்லை. இருக்கட்டும் என்றாள் சில்லு. அடுத்த நாள் பள்ளியில் சொல்ல அவளிடம் ஒரு கதை இருந்தது; அதற்குச் சாட்சி வேண்டும்.

அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து புத்தகப் பெட்டியை இழுத்தார். முடிச்சில் விரலை வைத்தார். சன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடத்தின் மஞ்சள் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சில்லு, அந்தக் கத்திரிக்கோலை எடு" என்றார்.