மல்லாந்து கிடந்த பரிசல்

மத்தியானம் கவிழ்த்துப் போட்ட பரிசல், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து பார்த்தால் மல்லாந்து கிடந்தது.

"எந்த எடுபட்ட நாயி பண்ணுன வேலைடா இது?"

அங்கமுத்து கத்தினான். துறையில் ஈ காக்கை இல்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டதிலிருந்து பள்ளிபாளையத்துக்குக் கீழே இந்தப் பக்கம் எவன் வருகிறான்? ஆடி வெள்ளம் செம்மண் நிறத்தில், வேரோடு பிடுங்கிய மரங்களையும் செத்த ஆட்டையும் இழுத்துக்கொண்டு, கரையைக் கரும்பு மாதிரி கடித்துக்கொண்டே போனது. பரிசலுக்குள் ஈரம். அரைத்த மஞ்சள் வாசமும், அதற்கடியில் அழுகிய பாசி நாற்றமும் மூக்கில் ஏறின.

பரிசல்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. கரையேற்றினால் கவிழ்த்துத்தான் போட வேண்டும். வாய் திறந்து கிடந்தால் ஆற்றோடு போனவர்கள் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். அப்புறம் அடியில் துடுப்பால் தட்டி, "எறங்கிக்குங்க சாமி" என்று சொன்னால்தான் இறங்குவார்களாம்.

துடுப்பை ஓங்கினான். அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க மாமா, வெரசா வாங்க! தண்ணி ஏறுது!"

அவன் பெண்டாட்டி கந்தம்மாள். ஆடி நோம்பிக்குத் தாய் வீடு போனவள், இடுப்பில் கைக்குழந்தை சின்னாயியோடு துறைப் பாறையில் நின்றாள். பாறைக்குப் பின்னால் வெள்ளம் புகுந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. ஓங்கிய துடுப்பைத் தாழ்த்தினான். தட்டுறதாவது, சொல்லுறதாவது!

வெள்ளம் எந்தப் பரிசலையும் கீழேதான் தள்ளும். அதனால் துறைக்கு மேலே கொஞ்ச தூரம் தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் விடுவது வழக்கம். இன்று கழுத்து ஒடிகிற கனம். ஈரத்தில் ஊறிக் கிடந்த பரிசல் தோல், வேறென்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

நடு ஆறு. அவன் உட்கார்ந்த பக்கம் மேலே நின்றது. எதிர்ப் பக்க விளிம்பு தண்ணீரை நக்கியது. ஆள் நிறைய ஏறினால்தான் அப்படித் தாழும்.

மஞ்சள் வாசம் கூடியது.

துடுப்பைத் துழாவினான். முழங்காலில் ஏதோ உரசியது. ஈரச் சேலை.

குனிந்து பார்க்கவில்லை. பார்க்க மாட்டான். கரை. கரை வந்தால் போதும்.

பாறையில் பரிசல் இடித்ததும் கந்தம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏனுங்க, இத்தன பொம்பளைங்கள ஏத்திட்டு வந்தா நாங்க எங்க உக்கார்றது?"

துடுப்போடு பாறையில் தாவி அவளை மறித்தான். "ஏறாத புள்ள!"

அவள் கேட்டால்தானே. பரிசல் ஏறுகிற எந்தத் தாயும் முதலில் பிள்ளையை உள்ளே இருப்பவர்களிடம் கொடுத்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பாள். சின்னாயியும் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டிவிட்டாள்.

"செத்த புடிச்சுக்குங்க அக்கா," என்று கந்தம்மாள் அவன் தோளுக்கு மேலே பிள்ளையை நீட்டிக் கொடுத்தாள்.

பிள்ளை விழவில்லை.

காலிப் பரிசலில், மடி உயரத்தில், அந்தரத்தில் உட்கார்ந்திருந்தது. பரிசல் பாறையை விட்டு நகர்ந்தது.

"எறங்கிக்குங்க சாமி!" அங்கமுத்து பாறையில் துடுப்பை அடித்தான். "எறங்கிக்குங்க! எறங்கிக்குங்க!" துடுப்பு முறிந்தது.

யாரும் இறங்கவில்லை. துடுப்பில்லாத பரிசல் அத்தனை வெள்ளத்தையும் எதிர்த்து மேற்கே, ஆற்றின் மேலே, மெதுவாகப் போனது. சின்னாயி அதற்குள் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குக் கைமாறிக்கொண்டே, கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.