மாடு போகும் நேரத்தில் விழித்த மடிக்கணினி

சனிக்கிழமை மத்தியானம் உப தபாலதிபர் மாக்கிறேற் தபாலகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தபோது கஜானி சைக்கிளில் வந்து இறங்கினாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. நெடுந்தீவில் ஏதாவது தொலைந்தால் பொலிசுக்கு முன்னால் மாக்கிறேற்றிடம் வருவது ஊர் வழக்கம். முத்திரை ஒட்டும் அதே நிதானத்தோடு அவர் கேட்டு முடிப்பதற்குள் பாதி வழக்குகள் தீர்ந்துவிடும். அங்கேயே தபால்காரராக இருக்கும் அவருடைய கணவர் வின்சன்ற்றுக்கு அந்த நிதானம் மருந்துக்கும் கிடையாது. பொலிசில் சேர்ந்திருந்தால் பெயர் கேட்குமுன் விலங்கு மாட்டிவிடும் மனிதர்.

"அன்ரி, வியாழக்கிழமை பொழுதுபடேக்கை என்ரை லப்டொப்பை ஆரோ எடுத்திட்டினம். திங்கள் பத்து மணிக்கு கொழும்புக் கொம்பனியோடை நேர்முகம். நான் வடிவமைச்ச இணையத்தளம் எல்லாம் அதுக்குள்ளைதான் கிடக்கு. அதைக் காட்டாட்டி வேலை இல்லை."

"எங்கை வைச்சிருந்தனீர்?"

"வீட்டு மேசையிலை. நான் கிணத்தடியிலை நிண்டனான். அப்பா படலையடியிலை வேலி கட்டிக்கொண்டு நிண்டவர். ஒருத்தரும் வரேல்லையாம்."

"சார்ஜர்?"

"அது மேசையிலையே கிடக்கு."

மாக்கிறேற் தலையாட்டினார். கஜானி தன் போனை நீட்டினாள். காணாமற்போன மடிக்கணினி எப்போதெல்லாம் இணையத்துக்கு வந்தது என்று அதில் காட்டியது. வெள்ளியும் சனியும் காலை ஆறு இருபது, வெள்ளி மாலை ஐந்தே முக்கால். ஒவ்வொரு தடவையும் நாலைந்து நிமிடம்தான். இடம் மட்டும் 'யாழ்ப்பாணம்' என்று பொதுவாகக் கிடந்தது.

"மூடி வைச்சாலும், தெரிஞ்ச வைபை வலை கிட்ட வந்தா அது தானா ஒட்டும், அன்ரி. அதுக்குத் தெரிஞ்ச வலை ரண்டுதான். ஒண்டு என்ரை போன். மற்றது தயாபரன் அண்ணையின்ரை கடை. வீட்டுக்குள்ளை சிக்னல் இல்லாதபடியா போனை மதிலிலை வைச்சு ஹொட்ஸ்பொட் போட்டு, அதிலையிருந்து லப்டொப்புக்கு இணையம் எடுத்துத்தான் வேலை செய்யிறனான். வியாழனிலையிருந்து அதைப் போடேல்லை. லப்டொப் இல்லாமல் ஆருக்குப் போட?"

"பிறகென்ன, தயாபரன்தான்," என்று வின்சன்ற் சேட்டுக் கையை மடித்தார்.

இறங்குதுறைப் பக்கமாகப் போன் கடை வைத்திருந்த தயாபரனுக்கு விஷயத்தைக் கேட்டதும் முகம் கறுத்தது. காலை ஆறு இருபதுக்குக் கடையும் பூட்டு, கண்ணும் பூட்டு என்றான். மாக்கிறேற் அவனைக் கையமர்த்தினார்.

"கடை வலைக்கு என்ன பேர்?"

"தயா."

"பாஸ்வேர்ட்?"

"ஒண்டிலையிருந்து எட்டு வரைக்கும்."

"நீர் வித்த போனுகளுக்கு?"

தயாபரன் தலையைச் சொறிந்தான். "பேரும் பாஸ்வேர்ட்டும் எல்லாத்துக்கும் அதேதான் அக்கா. ஆளுக்கொண்டு வைச்சா ஒருத்தருக்கும் ஞாபகம் இராது. திரும்பவும் என்னட்டைத்தான் வருவினம்."

மாக்கிறேற் கணவரின் சேட்டுப் பையிலிருந்து போனை எடுத்து ஹொட்ஸ்பொட் பெயரைத் திறந்து காட்டினார். 'தயா'. "கடை வலையெண்டு நினைச்சு லப்டொப் இதோடையும் ஒட்டும்," என்றார். வின்சன்ற் போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார்.

"அப்ப ஊரெல்லாம் சந்தேகக்காரர்," என்றார் பிறகு. "கள்ளன் காலமையும் பின்னேரமும் திறந்து பாக்கிறான்போலை."

"சார்ஜரை விட்டிட்டுப் போன கள்ளனோ? விக்க எடுத்தவன் விடமாட்டான், பாவிக்க எடுத்தவனும் விடமாட்டான். ஒளிக்க எடுத்தவன்தான் விடுவான்." மாக்கிறேற் குடையை மறு கைக்கு மாற்றினார். "லப்டொப் ஊர் சுத்துது எண்டு நினைக்கிறம். அது கிடந்த இடத்திலை கிடக்கு. தயா எண்ட பேரிலை ஒரு போன்தான் அதைக் கடந்து நடந்து போகுது. காலமை போய்ப் பின்னேரம் திரும்புது. சைக்கிள்காரன் ஒரு நிமிசத்திலை கடந்திடுவான். நாலைஞ்சு நிமிசம் எடுத்துக் கடக்கிறது ஆர்?"

"மாட்டோடை போறவன்," என்றாள் கஜானி.

"போன கிழமை மாடு மேய்க்கிற குழந்தைவேலு அண்ணை தபாலகத்துக்கு வந்து, போனுக்கு டேற்றா போட்டால் தானா முடியுது எண்டு என்னோடை சண்டை பிடிச்சவர். தபாலகத்திலை என்ன டேற்றா இருக்கு? அவரிட்டை இருக்கிறதும் தயாபரன் வித்த போன்தான். அவருக்கு ஹொட்ஸ்பொட்டை நிப்பாட்டத் தெரியாது."

ஐந்து மணிக்கு மேற்குத் தரவைப் புல்வெளியிலிருந்து குழந்தைவேலு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்தார். கையில் கடிகாரத்தோடு வின்சன்ற் பின்னால் நடந்தார். அரை மணித்தியாலத்தில் அவருடைய சப்பாத்து சாணியாகிவிட்டது. தன் பெயரைக் காப்பாற்றத் தயாபரனும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். பவளக்கல் மதில் ஒன்றின் ஓரமாக மாடுகள் ஆற அமரப் போகையில் வின்சன்ற் கையைத் தூக்கினார். ஐந்தே முக்கால்.

கஜானி நின்றுவிட்டாள். "இது எங்கடை வீடு."

வாசற் படலையில் அவளுடைய தகப்பன் அம்பலவாணர் நின்றார். இத்தனை பேரைக் கண்டதும் வேலிக் கயிற்றைக் கீழே போட்டார். மாக்கிறேற் முதலில் குழந்தைவேலுவின் போனை வாங்கி ஹொட்ஸ்பொட்டை நிறுத்தினார்.

"இப்ப உம்மடை ஹொட்ஸ்பொட்டைப் போடும் பிள்ளை."

"களவு போன சாமானுக்கு அது எதுக்கு?" என்றார் அம்பலவாணர்.

கஜானி போனில் அதைப் போட்டாள். ஒரு நிமிடம் கூட ஆகியிராது. கஜானியின் போனில் ஒரு வரி வந்தது: 'ஒரு கருவி இணைந்துள்ளது.'

அம்பலவாணர் யாரையும் பார்க்காமல் கொட்டிலுக்குள் போனார். ஓலை அடுக்கின் கீழிருந்து, தன் நல்ல வேட்டியில் சுற்றிய மடிக்கணினியை எடுத்து வந்து மகளிடம் கொடுத்தார். கீறல் விழக்கூடாதென்று சுற்றியிருக்கிறார் என்பது பார்த்த எல்லோருக்கும் விளங்கியது.

"மூத்தவளும் வேலை கிடைச்சிட்டுது எண்டுதான் படகேறினவள். ஏழு வரிசம். கொம்மாவின்ரை செத்தவீட்டுக்கும் போனிலைதான் வந்தவள். நீயும் போனா நான் ஆரோடை கதைக்கிறது? திங்கள் கழிஞ்சதும் தந்திருப்பன்." அவர் தயாபரன் பக்கம் திரும்பினார். "தம்பி தயாபரன், உமக்கும் பழி வந்திட்டுது. குறை நினைக்காதையும்."

"அப்பா, இது போற வேலை இல்லை," என்றாள் கஜானி. கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "இஞ்சை, இந்த மேசையிலை இருந்து செய்யிற வேலை."

"கொழும்புக் கொம்பனி எண்டனி?"

"கொம்பனிதான் கொழும்பிலை. நான் இஞ்சைதான்."

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. வேலை கிடைத்தவர்கள் படகேறுவதைத்தான் அந்தத் தீவு இதுவரை கண்டிருக்கிறது. அம்பலவாணர் மதிலில் சாய்ந்து, மகள் சொன்னதைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டார். 

திங்கட்கிழமை பத்து மணி தாண்டி, கடிதம் கொடுக்கும் சாக்கில் வின்சன்ற் அந்தப் பக்கம் போனார். உள்ளே கஜானி மடிக்கணினியோடு பேசிக்கொண்டிருந்தாள். காற்றுக்குச் சிக்னல் விட்டு விட்டு வந்திருக்கிறது. அம்பலவாணர் மதிலின் மேல் ஏறி நின்று, மகளின் போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார்.

"கை உளையேல்லையோ அண்ணை? நான் கொஞ்சம் பிடிக்கட்டே?"

"சத்தம் போடாதையும். பிள்ளை கதைக்கிறாள்," என்றார் அவர். நேர்முகம் நடந்த நாற்பது நிமிடமும் அந்தக் கை இறங்கவில்லை.